கேன்சர் இல்லை என்றால் ஆபரேஷன் எதற்கு?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 52. வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை நடத்துகிறார். நீண்ட கடிதம், கூடவே இரண்டு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டின் நகல்கள். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, சுருக்கித் தருகிறேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன் மார்புக்குக் கீழே பெல்ட் போட்டு இறுக்கியதைப் போல ஒரு பிடிப்பு ஆரம்பித்திருக்கிறது. பகலைவிட இரவில் படுத்தால்தான் அதிகம். வாயு என்று நினைத்து பெருங்காயம், இஞ்சிச் சாறு எல்லாம் பார்த்தாயிற்று. இதயமாக இருக்குமோ என்று பயந்து இ.சி.ஜி., எக்கோ எடுத்தார்கள். இரண்டும் நார்மல். இருந்தாலும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 75 மி.கி. ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்தார்கள், இன்றுவரை சாப்பிடுகிறார். எண்டோஸ்கோப்பியில் லேசான வயிற்றுப்புண் தவிர ஒன்றுமில்லை.

பங்குனி வாக்கில் கால்கள் கனக்கத் தொடங்கின. மிதித்துத் தைக்கும் பழைய மிஷின். பெடலில் வலது கால் ஒத்துழைக்கவில்லை. ஒருநாள் கடைவீதியில் வலது கால் செருப்பு கழன்று விழுந்திருக்கிறது. வெறுங்காலோடு பத்தடி நடந்த பிறகு, பின்னால் வந்த சிறுமி எடுத்துக் கொடுத்துத்தான் தெரிந்ததாம். குளிக்கும்போது இடது காலில் வெந்நீரின் சூடு உறைக்கவில்லை. ஆறு வருடமாகச் சர்க்கரை இருப்பதால் ‘சுகரால் வரும் நரம்புத் தளர்ச்சி’ என்று வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். இடுப்புக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் இடுப்பின் 4, 5-ஆம் எலும்புகளுக்கு நடுவே உள்ள எல்4-எல்5 டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருப்பதும், 3-ஆம் எலும்பான எல்3-இல் ஹெமாஞ்சியோமா என்ற கட்டி இருப்பதும் தெரிந்தன. டிஸ்க்குக்காக டிராக்‌ஷன் போட்டார்கள். இடுப்பை இழுத்துக் கட்டும் அந்தச் சிகிச்சையில் நடை இன்னும் மோசமானது. அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்து, கால் துள்ளுவதைக் கண்டு, ‘இது இடுப்புப் பிரச்சினை இல்லை, நியூரோ டாக்டரைப் பாருங்கள்’ என்று அனுப்பியிருக்கிறார்.

இரண்டாவது எம்.ஆர்.ஐ. நெஞ்சுப் பகுதி முதுகுக்கு, கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுத்தது. டி6-டி7 (நெஞ்சுப் பகுதியின் 6, 7-ஆம் முதுகெலும்பு) மட்டத்தில், தண்டுவடத்தைச் சுற்றியுள்ள டூரா என்ற வெளியுறைக்கு உள்ளே, தண்டுவடத்துக்கு வெளியே, வலப்பக்கம் பின்புறமாக 1.8 x 1.3 செ.மீ. கட்டி. மருந்தைச் சீராக உறிஞ்சுகிறது. உறையோடு வால்போல் நீள்கிறது. தண்டுவடம் இடப்பக்கம் தள்ளப்பட்டு நசுங்கியிருக்கிறது. உள்ளே சிக்னல் மாற்றமும், அதாவது அழுத்தத்தால் தண்டுவடம் பாதிக்கப்பட்டதற்கான அடையாளமும் உண்டு. மெனிஞ்சியோமாவாக இருக்கலாம்.

நியூரோ சர்ஜன் இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுத்துவிடச் சொல்கிறார். தெரிந்த இன்னொரு டாக்டர், ‘கேன்சர் மாதிரி இல்லை, அவசரப்படாதீர்கள்’ என்கிறார். ‘முதுகுத் தண்டில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான்’ என்பது கொழுந்தனாரின் முடிவு. எண்ணெய்ப் பிழிச்சலில் கரைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். தை மாதக் கடைசியில் மகளுக்குக் கல்யாணம், இப்போது புரட்டாசி. கல்யாணம் முடியும்வரை தள்ளிப்போடலாமா? இரண்டு இடத்தில் கட்டி என்றால் பரவிவிட்டதா? மகளுக்கும் வருமா? டாக்டர் எல்லாவற்றையும் கணவரிடமும் மகனிடமும்தான் பேசினார், எனக்கு எதுவும் முழுதாகத் தெரியாது என்ற வருத்தமும் கடிதத்தில் இருக்கிறது.

அன்புச் சகோதரிக்கு,

உங்களை நேரில் பரிசோதிக்காமல், கடிதத்தையும் ரிப்போர்ட்டையும் மட்டும் வைத்து எழுதுகிறேன். உங்கள் சர்ஜன் தொட்டுப் பார்த்துச் சொன்னதற்கு இது மாற்று ஆகாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் மிகத் தெளிவாக இருப்பதால், சுற்றி வளைக்காமலே பேச முடிகிறது.

இது கேன்சரா?

ரிப்போர்ட்டில் உள்ள வர்ணனைக்கு மிகவும் பொருந்துவது மெனிஞ்சியோமாதான். தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் உறைகளிலிருந்து மெதுவாக வளரும் கட்டி அது. நடுவயதைத் தாண்டிய பெண்களுக்கே அதிகம் வருகிறது. முதுகில் வரும்போது பெரும்பாலும் நெஞ்சுப் பகுதியில்தான் வருகிறது. உங்கள் வயதும் கட்டி இருக்கும் இடமும் அப்படியே ஒத்துப்போகின்றன. உலக சுகாதார நிறுவனம் இந்தக் கட்டிகளை 1, 2, 3 என்று தரம் பிரிக்கிறது. முதுகில் வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை தரம் 1. அவை கேன்சர் அல்ல. நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவுவதில்லை. நரம்பு வேரிலிருந்து வளரும் ஸ்வான்னோமாவும் ஸ்கேனில் சில நேரம் இதே போலத் தெரியும். அதுவும் பொதுவாகக் கேன்சர் இல்லாத கட்டிதான். உங்கள் நிலையில் அதற்கும் இதே ஆபரேஷன்தான். எது என்ற இறுதித் தீர்ப்பு, கட்டியை எடுத்து பயாப்சிக்கு அனுப்பிய பிறகே வரும். இந்த இடத்தில் ஊசி விட்டு முன்கூட்டியே சதை எடுத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. ‘பயாப்சி பண்ணாமலே ஆபரேஷன் என்கிறார்களே’ என்று சந்தேகப்பட வேண்டாம்.

கேன்சர் இல்லை என்பதால் உங்கள் கவலையில் பாதிதான் தீர்கிறது. மீதிப் பாதி, கட்டி உட்கார்ந்திருக்கும் இடம். மொச்சைக் கொட்டை அளவுள்ள இதே கட்டி தொடையிலோ தோளிலோ இருந்திருந்தால் ஆயுள் முழுக்கத் தொந்தரவில்லாமல் இருந்துவிடும். நெஞ்சுப் பகுதியில் தண்டுவடம் செல்லும் எலும்புக் குழாயின் குறுக்களவே ஒன்றரை செ.மீ. சொச்சம்தான்; கழுத்தையும் இடுப்பையும்விட இங்கே இடம் குறைவு. கட்டிக்கு வழிவிட எலும்பு நகராது. நகர்ந்து, நசுங்கி இடம் கொடுப்பது தண்டுவடம் ஒன்றுதான். கட்டி வருடத்துக்கு மில்லிமீட்டர் கணக்கில் வளர்வதால் தண்டுவடமும் நெடுநாள் பொறுத்துக்கொள்கிறது. உங்களுக்கு ஒன்றரை வருடம் ஓடியது அப்படித்தான். அந்தப் பொறுமை தீரும் கட்டத்தில் கால் கனக்கிறது, செருப்பு கழல்கிறது. ‘அவசரப்படாதீர்கள்’ என்ற டாக்டர் கட்டியின் குணத்தை மட்டும் வைத்துச் சொல்லியிருக்கிறார். உங்கள் நடையைப் பார்த்துவிட்டு அதைச் சொன்னாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இடுப்பில் இருக்கும் இன்னொன்று

எல்3 எலும்பில் உள்ள ஹெமாஞ்சியோமாவுக்கும் இந்தக் கட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எதுவும் பரவவில்லை. எலும்புக்குள் ரத்தக் குழாய்கள் கொத்தாகச் சேர்ந்திருப்பதுதான் அது. பெரியவர்களின் முதுகெலும்பை ஆராய்ந்தால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கும். பலர் கடைசிவரை தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். எலும்பை மீறி வெளியே வளர்ந்து தண்டுவடத்தை அழுத்துவது மிக அபூர்வம். உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மருந்தும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், வருடா வருடம் ஸ்கேனும் வேண்டாம். எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கமும் அப்படியே. உட்கார்ந்தே வேலை செய்யும் 52 வயதுக்காரருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து அது இல்லாமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

ஏன் இவ்வளவு தாமதம்

இதை நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அந்த ஆதங்கம் தெரிகிறது. வாயு, இதயம், சுகர், டிஸ்க் என்று நான்கு வாசல் ஏறி இறங்கியிருக்கிறீர்கள். இந்த நோயில் அது புதிதில்லை.

1884 வாக்கில் ஒரு ராணுவ கேப்டனுக்குத் தோள்பட்டை எலும்புக்குக் கீழே வலி வந்தது. மூன்று வருடம் பல டாக்டர்களைப் பார்த்தார். நரம்பு வலி என்றார்கள், வேறு என்னென்னவோ சொன்னார்கள். கால்கள் செயலிழந்த பிறகு வில்லியம் கௌவர்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் அவரைப் பார்த்தார். எக்ஸ்ரேகூடக் கண்டுபிடிக்கப்படாத காலம். உடம்பில் எந்த மட்டத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்பதைத் தொட்டுப் பார்த்தே, கட்டி இன்ன உயரத்தில் இருக்க வேண்டும் என்று கணித்தார். 1887 ஜூன் 9 அன்று லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி என்ற சர்ஜன் ஆபரேஷன் செய்தார். முதலில் திறந்த இடத்தில் கட்டி இல்லை. இன்னும் கொஞ்சம் மேலே எலும்பை எடுத்ததும் கிடைத்தது. கேப்டன் எழுந்து நடந்து வேலைக்கும் திரும்பினார். தண்டுவடக் கட்டியைக் கண்டறிந்து வெற்றிகரமாக எடுத்த முதல் ஆபரேஷன் என்று எங்கள் நியூரோ சர்ஜரி துறை கொண்டாடுவது அதைத்தான்.

கௌவர்ஸ் பார்த்த அந்த உணர்ச்சி மட்டம் உங்களிடமும் இருக்கும். சர்க்கரையால் வரும் மரமரப்பு இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி ஆரம்பித்து, சாக்ஸ் போட்ட இடம்போல மெல்ல மேலேறும். நெஞ்சைச் சுற்றிப் பிடிக்கும் பழக்கமும், ஒரு காலை மட்டும் தளரவைக்கும் பழக்கமும் அதற்குப் பொதுவாகக் கிடையாது. தண்டுவடம் அழுந்தினால் வயிற்றிலோ மார்புக்குக் கீழோ ஒரு கோடு போட்டதுபோல, அதற்கு மேலே குத்தினால் தெரியும், கீழே மழுங்கும். உங்கள் கடிதத்தில் இன்னும் துல்லியமான ஒன்று இருக்கிறது. வலது கால் பலவீனம், செருப்பு கழன்றது தெரியாதது; ஆனால் சூடு தெரியாமல் போனது இடது காலில். இது குழப்பமாகத் தோன்றலாம். பலத்தையும், கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வையும் கொண்டு செல்லும் பாதைகள் தண்டுவடத்தில் அதே பக்கமாகவே போகின்றன. சூட்டையும் வலியையும் சொல்லும் பாதை உள்ளே நுழைந்ததும் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுகிறது. கட்டி வலப்பக்கம் இருந்தால் நீங்கள் எழுதியதைப் போலவேதான் வரும். இதை 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரவுன்-செக்கார் என்ற மருத்துவர் விவரித்து வைத்திருக்கிறார்.

படுத்தால் வலி கூடியதும் ஒரு தடயம். தசைப்பிடிப்பும் டிஸ்க் வலியும் படுத்தால் பெரும்பாலும் தணியும். கால் பிரச்சினை என்றதும் இடுப்புக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுப்பது நம் ஊரில் பழகிப்போன காரியம். தண்டுவடமோ இடுப்பின் மேல்பகுதியிலேயே, எல்1-எல்2 வாக்கில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே உள்ள அழுத்தத்தை அந்தப் படம் எப்படிக் காட்டும்? முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்த அந்த பிசியோதெரபிஸ்டுக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். டிஸ்க் நரம்பை அழுத்தினால் அந்தத் துள்ளல் குறையும்; தண்டுவடம் அழுந்தினால் கூடும். ஸ்கேன் செலவே இல்லாமல் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

தை மாதம்வரை தள்ளிப்போடலாமா?

கூடாது என்பதுதான் என் கருத்து.

தண்டுவடக் கட்டி எல்லாவற்றையும் உடனே எடுக்க வேண்டியதில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தென்பட்ட சிறிய கட்டி, எந்தத் தொந்தரவும் இல்லை, தண்டுவடம் நசுங்கவில்லை என்றால் நானே ‘ஆறு மாதம் கழித்து இன்னொரு எம்.ஆர்.ஐ. பார்ப்போம்’ என்று அனுப்பிவிடுவேன். நீங்கள் அந்தக் கட்டத்தில் இல்லை. கால் பலவீனம் வந்துவிட்டது, வாரத்துக்கு வாரம் கூடுகிறது, தண்டுவடத்துக்குள் சிக்னல் மாற்றமும் தெரிகிறது. அடிக்கடி பாத்ரூம் போவதைச் சுகர் தலையில் போட்டிருக்கிறீர்கள். கிளம்பினால் அடக்க முடியாமல் அவசரமாக ஓட வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் அதுவும் தண்டுவடத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

இந்த ஆபரேஷனுக்குப் பின் ஒருவர் எப்படி இருப்பார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, ஆபரேஷனுக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதுதான். நடந்து வருகிறவர் நடந்து வீடு திரும்பும் வாய்ப்பு அதிகம். படுக்கையான பிறகு வந்தாலும் சிலருக்கு வியக்கத்தக்க முன்னேற்றம் கிடைக்கிறது; அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐப்பசி ஆரம்பத்தில் ஆபரேஷன் என்றால், தை கடைசிக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. சிக்கல் எதுவும் இல்லையென்றால் சில நாளில் எழுந்து நடக்க வைப்பார்கள், ஒரு வாரம் வாக்கில் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆறு முதல் எட்டு வாரம் குனிந்து கனம் தூக்கக் கூடாது. பத்திரிகை வைக்க ஊர் ஊராக அலைவது, சீர்வரிசைப் பாத்திரம் தூக்குவது எல்லாம் மற்றவர்கள் வேலை. கைத்தையலை முதலில் ஆரம்பிக்கலாம். மிதி மிஷினுக்கு உங்கள் காலின் பலத்தைப் பார்த்து சர்ஜனும் பிசியோவும் தேதி சொல்லட்டும். மோட்டார் பொருத்திக்கொண்டால் இன்னும் நல்லது. மணமேடையில் நிற்பதற்கு இதுதான் பாதுகாப்பான வழி. தள்ளிப்போட்டு, மார்கழியில் கால் விழுந்துவிட்டால் அவசர ஆபரேஷனும் கல்யாணமும் அடுத்தடுத்து வந்து நிற்கும்.

மாத்திரை, எண்ணெய், கதிர்வீச்சு

மெனிஞ்சியோமாவைக் கரைக்கும் மாத்திரை எந்த மருத்துவத்திலும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கம் வற்றி, சில நாள் கால் லேசானதுபோல இருக்கும். கட்டி அப்படியே இருக்கும், சுகர் மட்டும் ஏறும். ஏதாவது ஒரு பொட்டலத்தைச் சாப்பிட்டதும் அதிசயமாக நடை சரியானால், அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

எண்ணெய் தடவித் தசைவலிக்கு இதமாக இருந்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் முதுகை ஏறி மிதிப்பது, சொடுக்கு எடுப்பது, டிராக்‌ஷன் இவை மூன்றும் வேண்டாம். சூட்டு ஒத்தடமும் வேண்டாம். சூடு தெரியாத தோல் வெந்துபோவதை வார்டில் பார்த்திருக்கிறேன். குளிக்கும் வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுங்கள்.

சைபர்நைஃப் போன்ற கதிர்வீச்சு முறைகளுக்கு இடம் உண்டு. மயக்கமருந்தைத் தாங்க முடியாதவர்களுக்கும், எடுக்க முடியாமல் மிச்சம் விட்ட கட்டிக்கும், திரும்பி வந்த கட்டிக்கும் உதவும். ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கும் தண்டுவடத்தின் மேல் உள்ள அழுத்தத்தை அது உடனே இறக்காது. எனவே உங்களுக்கு முதல் வழி அதுவல்ல.

ஆபரேஷன் அறையில் என்ன நடக்கும்?

கொழுந்தனார் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மைக்ராஸ்கோப்பும் எம்.ஆர்.ஐ.யும் இல்லாத காலத்தில், பெரும்பாலானவர்கள் கால் விழுந்த பிறகுதான் ஆபரேஷனுக்கே வந்தார்கள். ஊர் நினைவில் ஆபரேஷனும் படுக்கையும் ஒன்றாகவே பதிந்துவிட்டன. இன்று நிலைமை வேறு. குப்புறப் படுக்க வைத்து, சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் எலும்புகளை எண்ணி இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். நெஞ்சுப் பகுதி எலும்புகள் எல்லாம் ஒரே சாயலில் இருப்பதால் இந்த எண்ணிக்கை மிக முக்கியம். அந்தக் கேப்டன் கதையில் நடந்தது இன்றும் நடக்கக் கூடாதல்லவா? முதுகின் நடுவில் சில அங்குலக் கீறல். எலும்பின் பின்சுவரில் ஒரு பகுதியை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி டூரா உறையைத் திறந்து, கட்டியைத் துண்டு துண்டாக எடுப்பார்கள். தண்டுவடத்தைத் தள்ளிவிட்டுக் கட்டியை எடுப்பதில்லை. கட்டியைத் தண்டுவடத்திலிருந்து விலக்கியே எடுப்பார்கள். உங்களுடையது பின்புறமாக வலப்பக்கம் இருப்பது ஒரு நல்ல விஷயம். தண்டுவடத்துக்கு முன்னால் இருந்திருந்தால் எங்களுக்கே வியர்க்கும். விலா எலும்புக்கூடு தாங்கிக்கொள்வதால் இங்கே பெரும்பாலும் ஸ்க்ரூ, கம்பி தேவைப்படாது.

ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆபரேஷன் முடிந்த உடனே கால் பலவீனம் முன்பைவிடச் சற்றுக் கூடுவது உண்டு. பலருக்கு வாரங்களில் சரியாகும், மிகச் சிலருக்கு நிலைத்துவிடும். தண்டுவட நீர் கசியலாம்; எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, காயத்திலிருந்து தெளிந்த நீர் என்று அது தெரியும். கிருமித்தொற்று, உள்ளே ரத்தம் கட்டி மறுபடி திறக்க வேண்டி வருவது, காலில் ரத்தம் உறைவது ஆகியவையும் பட்டியலில் உண்டு. சர்க்கரை இருப்பதால் தொற்றின் வாய்ப்பு உங்களுக்கு ஒரு படி கூடுதல். இத்தனையையும் தராசில் ஒரு தட்டில் வைத்தாலும், எடுக்காமல் விட்டால் கால் போவது ஏறக்குறைய நிச்சயம் என்ற மறுதட்டு கனமாக இருக்கிறது.

உங்கள் சர்ஜனிடம் இவற்றைக் கேளுங்கள். இந்த மாதிரிக் கட்டிகளை அவர் வழக்கமாகச் செய்கிறாரா? ஆபரேஷன் நடக்கும்போதே கால் நரம்புகளின் சிக்னலைக் கண்காணிக்கும் நியூரோ மானிட்டரிங் வசதி இருக்கிறதா? கட்டி ஒட்டியிருக்கும் உறைப்பகுதியையும் வெட்டி எடுப்பாரா, கருக்கிவிடுவாரா? இரண்டுமே நடைமுறையில் உள்ளவைதான். திரும்ப வரும் வாய்ப்பையும் நீர்க்கசிவையும் யோசித்து முடிவெடுப்பார்கள். கழுத்துப் பகுதிக்கும் ஸ்கிரீனிங் படம் எடுத்தாயிற்றா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கையெழுத்து உங்களுடையது

கணவரும் மகனும் அன்பினால்தான் உங்களிடம் மறைக்கிறார்கள். ஆனால் சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த ஒருவரின் உடம்புக்கு அவர்தான் சம்மதம் தர வேண்டும். ஒரு பெண்ணுக்குப் பதிலாக அவருடைய தாயார் கொடுத்த சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சம்மதம் என்பது படிவத்தில் கையெழுத்து போடுவது மட்டுமல்ல. நோய் என்ன, என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குப் புரியும் மொழியில் சொன்ன பிறகு வாங்குவதுதான் சம்மதம். ‘டாக்டர், என்னிடமும் ஒருமுறை சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். உங்கள் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 விதி. இன்னொரு சர்ஜனிடம் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமைதான். அதை இந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், அதையே காரணமாக வைத்து மாதங்களைக் கடத்த வேண்டாம்.

செலவைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அட்டை இருந்தால், அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்ட்டரில் இந்த ஆபரேஷனுக்கு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அருகில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நியூரோ சர்ஜரி பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனை என்பதால் இந்த ஆபரேஷன் சரியாக நடக்காது என்று நினைக்க வேண்டாம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-லேயே டாக்டர் பி. ராமமூர்த்தி இந்தத் துறையைத் தொடங்கிவிட்டார். தமிழ்நாட்டின் நியூரோ சர்ஜன்களில் பெரும் பகுதியினர் அரசு வார்டுகளில் கைபழகியவர்கள்தான்.

மகளைப் பற்றி: 52 வயதில் ஒரே ஒரு மெனிஞ்சியோமா வந்தால் அது பரம்பரை நோய் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். பல இடத்தில் கட்டிகள், இளவயதிலேயே கட்டி, இரண்டு காதும் கேட்காமல் போவது, தோலில் காபி நிறத் திட்டுகள் பலவாக இருப்பது என்றால் நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் என்ற மரபணுக் கோளாறைச் சந்தேகிப்போம். உங்கள் குடும்பத்தில் அப்படி எதுவும் எழுதவில்லை. மகளுக்கு ஸ்கேன் வேண்டாம். சம்பந்தி வீட்டில் மறைக்க வேண்டிய விஷயமாகவும் எனக்கு இது படவில்லை. ‘முதுகில் ஒரு கட்டி, கேன்சர் மாதிரி தெரியவில்லை, எடுத்துவிடப் போகிறோம்’ என்று நீங்களே நேராகச் சொல்லிவிட்டால், கல்யாண மண்டபத்தில் ஆளுக்கு ஒரு கதை பேசமாட்டார்கள்.

ஆபரேஷன்வரை கவனிக்க வேண்டியவை

ஆஸ்பிரின் சாப்பிடுவதை சர்ஜனிடமும் மயக்கமருந்து டாக்டரிடமும் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரை அது. வழக்கமாக ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். அதைக் கொடுத்த டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு சர்ஜனே நிறுத்தட்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான எச்.பி.ஏ.1சி. பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரவு விளக்கு எரியட்டும். கால் இருக்கும் இடம் தெரியாதவர்களுக்குக் கண்தான் துணை, இருட்டில்தான் விழுவார்கள். பின்பட்டை வைத்த செருப்பு போடுங்கள். பாத்ரூமில் உள்தாழ்ப்பாள் போட வேண்டாம்.

கட்டியை எடுத்த பின் பயாப்சி முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தரம் 1 என்று வந்து, கட்டி முழுதாக எடுக்கப்பட்டிருந்தால் வேறு சிகிச்சை எதுவும் தேவையில்லை. சில மாதம் கழித்து ஒரு எம்.ஆர்.ஐ., பிறகு சர்ஜன் சொல்லும் இடைவெளியில். முழுதாக எடுத்தாலும் சிலருக்கு வருடங்கள் கழித்துத் திரும்ப வரலாம் என்பதால், நன்றாக நடக்கிறோமே என்று அந்த ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். நெஞ்சைச் சுற்றிய பிடிப்பு பொதுவாக முதலில் போகும். கால் பலம் மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே வரும். பாதத்தின் மரமரப்பு கொஞ்சம் மிஞ்சலாம்; சர்க்கரையும் அதில் தன் பங்கைச் செய்திருக்கக்கூடும்.

இதற்கிடையில் கால் திடீரென்று தூக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் ஒழுகினாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அட்மிஷன் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, நியூரோ சர்ஜன் இருக்கும் மருத்துவமனைக்கே அன்றே நேராகப் போங்கள். பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டாவது எம்.ஆர்.ஐ.யின் ஃபிலிமையும் சி.டி.யையும் இப்போதே ஒரு பையில் போட்டு, மாத்திரைச் சீட்டோடு கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள்.